வலிக்காத ஒரு புள்ளி

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்புகளின் மேலுறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடும் நோய். அந்தச் சக்தி மூளைக்குள் நுழையாமல் தடுக்க மாதம் ஒருமுறை டிரிப்ஸில் மருந்து ஏறும். மருந்து நன்றாகவே கேட்டது. இரண்டு வருடங்களுக்குமேல் நின்றுகொண்டே கணக்குப் பாடம் நடத்தினேன்.

ஆனால் காவல் குறைந்த மூளையில் ஒரு வைரஸ் கிளம்பி அதை அழிக்கலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். பலர் உடம்பிலும் சும்மா கிடப்பதுதான். ரத்தப் பரிசோதனையில் எனக்கும் இருந்தது.

"இவ்வளவு நாள் அது எங்க சார் இருக்கும்?"

"பெரும்பாலும் கிட்னியில, டீச்சர். பயப்படாமக் கேக்குறீங்களே!" என்று சிரித்தவர், மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் எடுக்கும் பெண், "சத்தம் அம்புட்டு வரும்க்கா, பயப்படாதீங்க," என்பாள். எங்கள் வீடு செல்லூரில், விசைத்தறிகளுக்கு நடுவே. "எங்க தெருவுக்கு இது கம்மிதாம்மா," என்பேன்.

போன வருடம் ஒரு ஸ்கேன் முடிந்த மறுநாளே வரச் சொன்னார்கள். திரையில் இரண்டு படங்கள். புதியதில் மட்டும், வலப்பக்கத்தில், மிளகளவு வெள்ளைப் புள்ளி.

என் கணவர் திரையை விட்டு என் பக்கம் கைகாட்டினார். "நல்லாத்தான சார் இருக்கா? நேத்துகூடப் பரவை வரைக்கும் வண்டி ஓட்டிட்டுப் போனா."

"நல்லா இருக்கும்போதே கண்டுபிடிக்கத்தான் சார் இந்த ஸ்கேன்."

"பழைய நோயோட புள்ளியா இருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அதுக்கு விளிம்பு தெளிவா இருக்கும். இது கலங்கலா இருக்கு, பாருங்க."

பார்த்தேன். என் தலைக்குள் இருப்பது எனக்கே தெரியவில்லை என்பதுதான் அப்போது ஆச்சரியமாக இருந்தது. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். அந்த வைரஸேதான். மருந்தை நிறுத்தினார்கள்.

சில வாரங்களில் எதிர்ப்புச் சக்தி மூளைக்குத் திரும்பி வைரஸோடு மல்லுக்கட்டியது. அதில் மூளை வீங்கி, இடது கை தளர்ந்தது. டம்ளர் கையிலிருந்து நழுவிய அன்றுதான் எனக்கு அழுகை வந்தது. ஸ்டீராய்டு ஏற்றி வீக்கத்தை அடக்கினார்கள்.

"ரெண்டு மாசம் தாமதிச்சிருந்தா கதையே வேற," என்றார் டாக்டர்.

இப்போது வேறு மருந்து, பள்ளிக்கும் போகிறேன். இடது சுண்டுவிரல் மட்டும் நினைத்தவுடன் மடங்காமல் அரைநொடி கழித்து மடங்குகிறது. கணவர் அதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.