பனி வண்டிக்கு ஒரு ஆள் போதும்

சுவிஸில், ஊஸ்டரில் ஒரு கடைத்தொகுதிக்கு நான் ஹவுஸ்வார்ட். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள். அங்கே இரண்டு கார் நிறுத்துமிடங்கள் உண்டு. ஒன்று முன்பக்கம், தரையில். மற்றது சூப்பர்மார்க்கெட்டின் கூரைமேல். சரிவுப் பாதையால் ஏறிப் போக வேண்டும். பனி கொட்டும் நாட்களில் கடை திறப்பதற்கு முன் இரண்டையும் வெளியாக்கி உப்புப் போட்டுவிட வேண்டும். முன்பக்கத்தை வெளி நிறுவனம் ஒன்று பெரிய வண்டியோடு வந்து தள்ளிவிட்டுப் போகும். மேல்தளம், நடைபாதை, படிகள், பொருள் தள்ளுவண்டிகள் நிற்கும் கூண்டுகள் எல்லாம் எங்கள் இருவர் தலையில்.

இருவர் என்றால் நானும் அண்ணையும். அண்ணை மன்னார்க்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். கோடையில் ஒரு பூந்தோட்ட நிறுவனத்தில் புல் வெட்டுவார். நவம்பரிலிருந்து மார்ச் வரை எங்களிடம் மணித்தியாலக் கணக்கில் வருவார். அப்படி ஒன்பது குளிர்காலம் நாங்கள் சேர்ந்து பனி தள்ளினோம்.

மனைவியும் நானும் பிரிந்து கனகாலம். மகள் லொசானில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். வேலையில் எல்லோரோடும் டொச், அதாவது ஜெர்மன். வீட்டில் கதைக்க ஆள் இல்லை. ஆகவே நான் நாள் முழுக்க வாய்விட்டுத் தமிழ் கதைத்தது அந்த ஐந்து மாதங்களில்தான். கதைத்தது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அவருடைய மகளுக்கு வந்த சம்பந்தம், என் முழங்கால், முதல்நாள் வைத்த மீன்குழம்பில் புளி கூடிப்போனது. அவர் ஒரு பக்கம் பனிச் சவளால் தள்ளிக்கொண்டு வருவார், நான் மற்றப் பக்கம். நடுவில் சந்திக்கும்போது விட்ட இடத்திலிருந்து கதை தொடரும். வேலை முடிந்ததும் கொதிகலன் அறையில், சூடான குழாய்களுக்குப் பக்கத்தில் கையுறைகளைக் காயவிட்டு, பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடிப்போம். ஊஸ்டரில் பனி விழ வேண்டும் என்று ஆசைப்பட்ட ஹவுஸ்வார்ட் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஏழாவது குளிர்காலத்தில் அண்ணைக்கு நாரிப் பிடிப்பு, கீழ்முதுகு வலி, வந்தது. டொக்டர் எலும்புத் தட்டு விலகியிருக்கிறது என்றாராம்; அது எனக்குக் கனகாலத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அண்ணை அதை வேலையில் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. குனிந்து உப்பு வாளியைத் தூக்கப் போனவர் பாதியில் நின்று, வானத்தைப் பார்த்து மூச்சு விட்டபோது எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு வாளிகளை நான் தூக்கினேன். அவர் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்.

ஒன்பதாவது குளிர்காலம் முடிந்ததும் அந்த வெளி நிறுவனம் இனிமேல் வரமாட்டோம் என்று எழுதிவிட்டது. கட்டட நிர்வாகத்தின் பெண் அதிகாரி ஓகஸ்ட் மாதம் வந்து, சொந்தமாக ஒரு வண்டி வாங்கப் போவதாகச் சொன்னார். இடத்தை நன்றாக அறிந்தவர் நீங்கள்தான், எது பொருத்தம் என்று பார்த்து ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்றார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொன்னவர்கள்தான் அதிகம். எது நல்லது என்று என்னைக் கேட்டவர் அவர்தான் முதலாவது ஆள். அன்று மாலை புதுக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடிக்க, நான் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தூண்களுக்கு இடையில் எவ்வளவு அகலம், சரிவுப் பாதையின் வளைவில் எவ்வளவு, தள்ளிய பனியை எங்கே குவிக்கலாம், தண்ணீர் வடியும் கிடங்குகள் எங்கே இருக்கின்றன என்று எல்லாவற்றையும் எழுதினேன். சரிவின் தொடக்கத்தில் மூன்றரைத் தொன்னுக்கு மேல் ஏறக்கூடாது என்று ஒரு பலகை இருக்கிறது. வருடக்கணக்காக அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், அன்றுதான் வாசித்தேன். அந்தப் பலகையோடு முன்னால் பெரிய அள்ளு வாளி பூட்டிய பாரமான வண்டி கணக்கிலிருந்து போய்விட்டது. முன்னால் தகடு பூட்டிய பிக்கப் தரையில் நன்றாக ஓடும், ஆனால் மேலே திரும்ப இடம் போதாது.

“கையாலை தள்ளிக்கொண்டு போற மிஷின் இருக்கெல்லோ தம்பி? ஸ்னோவை வாரி எறியிறது?”

“எங்கை அண்ணை எறியிறது? ஒரு பக்கம் றோட்டு, மற்றப் பக்கம் டென்டிஸ்டின்ரை யன்னல் கண்ணாடி.”

அவர் சிரித்தார். அந்த மிஷினை நான் வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதன் பின்னால் இரண்டு கைகளையும் கொடுத்துக் குனிந்து நடக்க வேண்டும். அதை நான் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது ஒடுங்கிய சிறிய ட்ராக்டர். முன்னால் சாய்த்துத் திருப்பக்கூடிய தகடு, பின்னால் உப்புத் தூவும் பெட்டி. மெல்லிய பனிக்குத் தகட்டைக் கழற்றிவிட்டு சுழன்று கூட்டும் உருளைத் தும்பைப் பூட்டலாம். மேல்தளத்தில் தண்ணீர் கீழே இறங்காமல் இருக்க ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். இரும்பு விளிம்பு அதைக் கிழித்துவிடும், ஆகவே தகட்டின் அடியில் றப்பர் விளிம்பு வேண்டும். இதையெல்லாம் கேட்டு, வாசித்து அறிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதம் நல்ல மாதம்.

செப்டம்பர் கடைசியில் வின்டர்தூர் பக்கம் உள்ள ஒரு விற்பனையாளரிடம் வண்டிகளை ஓட்டிப் பார்க்கப் போனோம். அண்ணை தன் வேலையில் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல வெயில். பனிக்குப் பதிலாக முற்றத்தில் மரத்தூளைக் கொட்டி வைத்திருந்தார்கள். சிவப்புத் தொப்பி போட்ட விற்பனையாளர் இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று திறந்தது, மேலே வளைகம்பி மட்டும். மற்றது கண்ணாடிக் கூண்டு, சூடு, காற்று அடைத்த, குலுக்கலைத் தாங்கும் கதிரை எல்லாம் உள்ளது. விலையும் அதற்கேற்ற மாதிரி.

அண்ணை முதலில் திறந்த வண்டியை ஓட்டினார். இரண்டு சுற்று வந்துவிட்டு, மட்காட்டைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினார். முகம் வெளிறியிருந்தது. என்ன என்று கேட்டதற்கு, வெயில் என்றார். பிறகு கூண்டு வண்டியில் ஏறினார். மரத்தூளைத் தள்ளிக்கொண்டு போனார், திரும்பினார், தகட்டைச் சாய்த்தார், மறுபடி தள்ளினார். விற்பனையாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியும் அவர் இறங்கவில்லை. நான் கதவைத் திறந்தேன்.

“தம்பி, இதிலை இருந்தா நாரி எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியேல்லை.”

ஒன்பது வருடத்தில் அவர் அந்தச் சொல்லை என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

திரும்பி வரும் ரயிலில், “உந்த வண்டியை வாங்கித் தருவினமோ?” என்று கேட்டார்.

“நான் எழுதுறன் அண்ணை. வாங்குவினம்.”

எழுதுவதற்கு இரண்டு இரவு எடுத்தது. விலை கூடிய வண்டியை ஏன் வாங்க வேண்டும் என்று அந்த அதிகாரி நிச்சயமாகக் கேட்பார். அண்ணையின் நாரி என்று எழுத முடியாது. எழுதினால் இவரால் வேலை செய்ய ஏலாது என்று அன்றே முடிவு கட்டிவிடுவார்கள். ஆகவே வேறு காரணம் தேடினேன். இப்போது இருவர் நான்கு மணித்தியாலத்தில் செய்யும் வேலையை இந்த வண்டி இருந்தால் ஒருவர் இரண்டு மணித்தியாலத்தில் முடிக்கலாம் என்று எழுதினேன். அது உண்மைதான். டொச்சில் அவ்வளவு நீளமான வசனத்தை நான் அதற்கு முதல் எழுதியதில்லை. மகளுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் ஒரு சொல்லைத் திருத்தினாள்.

“அப்பா, சூப்பரா எழுதியிருக்கிறீங்கள்” என்றாள்.

அந்த வசனம் எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு அப்போது தெரியாது என்று சொன்னால் அது முழு உண்மையில்லை. தெரிந்திருக்கக்கூடிய விஷயம்தான். நான் யோசிக்கவில்லை. என் எழுத்தில் மயங்கிப் போயிருந்தேன்.

நவம்பர் முதல் கிழமை லொறியில் வண்டி வந்து இறங்கியது. நான் எழுதிய அதே வண்டி, அதே றப்பர் விளிம்பு. அதிகாரியும் வந்திருந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, என்னை அதற்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். பிறகு கொதிகலன் அறைக்கு வந்து, பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். நீங்கள் சொன்னபடியே ஒருவர் போதும், இந்தப் பருவத்துக்கு உங்கள் சக ஊழியரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றார்.

படிகள் இருக்கின்றன, தள்ளுவண்டிக் கூண்டுகள் இருக்கின்றன, அங்கே வண்டி போகாது என்றேன். அதைத் துப்புரவு நிறுவனம் செய்யும் என்றார். அவர் ஒன்பது வருடம் வேலை செய்தவர் என்றேன். நல்ல சான்றிதழ் எழுதித் தருவேன் என்றார். அதிகாரியின் குரலில் கடுமை கொஞ்சமும் இல்லை. என் யோசனையைக் கேட்டு நடப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணைக்கு நிர்வாகத்தின் கடிதம் போவதற்கு முதல் நானே சொல்லிவிட வேண்டும் என்று அன்று பின்னேரமே அண்ணை வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. அக்கா, அண்ணையின் மனைவி, கதவைத் திறந்தார். அண்ணை கதிரையில் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு இருந்தார்.

“வண்டி வந்திட்டுதோ?”

“வந்திட்டுது அண்ணை.” நான் உட்காரவில்லை. “ஆனா உங்களை இந்த முறை எடுக்கேல்லையாம். ஒரு ஆள் காணுமாம்.”

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

“ஆர் சொன்னது?”

“நான்தான் எழுதினது. அந்த வண்டியை எடுக்கப் பண்ணுறதுக்காக எழுதினனான். உங்கடை நாரிக்கு எண்டுதான்...”

அண்ணை முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்தார். பிறகு, “காணும்தானே. ஒரு ஆள் காணும்தான். நான் ஓட்டிப் பாத்தனான் எல்லோ” என்றார்.

அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “எழுத முதல் இவரிட்டை ஒருக்கா கேட்டிருக்கலாம் தம்பி” என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

பெப்ரவரியில் அண்ணையும் அக்காவும், மணம் முடித்துப் போயிருந்த தங்கள் மகளோடு இருக்க, ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் தள்ளியிருக்கும் ஓஸ்டர்முண்டிகனுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அண்ணைக்குத் துணி வண்டில்களைத் தள்ளும் வேலை கிடைத்தது. மின்சார வண்டில், பிடித்துக்கொண்டு நடந்தால் போதும் என்றார். வீடு மாறும் அன்று போய்ப் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தேன். கனமானவற்றை அவருக்கு முதல் நான் எடுத்தேன்.

வண்டி நல்ல வண்டி. இன்றைக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் போவதற்கு முதல், டிசம்பரில் முழங்கால் அளவு பனி கொட்டிய அன்று, கடை திறக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும்போதே இரண்டு தளங்களையும் முடித்துவிட்டேன். கால் நனையவில்லை. கை விறைக்கவில்லை. கூண்டுக்குள் சூட்டு விசிறியின் இரைச்சல் மட்டும். ஒரு சொல்லும் கதைக்காமல் முடித்தேன்.

தனியாக வேலை செய்பவர் ஒரு கருவியை அணிய வேண்டும் என்பது விதி. தீப்பெட்டி அளவில் ஒன்றை மார்பில் கொளுவித் தந்தார்கள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் அது கீச்சிடும். பொத்தானை அமத்தாவிட்டால் எங்கேயோ இருக்கும் ஒரு அலுவலகத்துக்கு அழைப்புப் போகும். அன்று மேல்தளத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அதற்குள்ளேயே சும்மா இருந்துவிட்டேன். அது கீச்சிட்டதைக் கவனிக்கவில்லை. திடீரென்று என் மார்பிலிருந்து ஒரு பெண் குரல், எல்லாம் சரிதானா என்று கேட்டது.

சரிதான் என்றேன். விழுந்துவிட்டீர்களா என்றாள். இல்லை, சும்மா இருக்கிறேன் என்றேன். அங்கே நிறையப் பனியா என்று கேட்டாள். ஓம், நிறைய என்றேன். தன் வீட்டுப் பக்கமும் அப்படித்தான், காலையில் கார்க்கதவைத் திறக்க முடியவில்லை என்றாள். கதவின் றப்பரில் கிளிசரின் பூசிப் பாருங்கள் என்றேன். அவள் சிரித்து, நன்றி சொல்லி, நல்ல நாளாகட்டும் என்று வைத்துவிட்டாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. அன்று முழுவதும் எனக்கு மனம் இலேசாக இருந்தது.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த முறை பனி விழுந்தபோது நான் வேண்டுமென்றே அசையாமல் இருந்தேன். கீச்சிட்டது, பொத்தானை அமத்தவில்லை. இந்த முறை ஓர் ஆண் குரல் வந்தது. பிரச்சினையா என்றது. இல்லை என்றேன். அப்படியானால் தயவுசெய்து பொத்தானை அமத்துங்கள், இது அவசர இணைப்பு என்றது. மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு அப்படிச் செய்யவில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓஸ்டர்முண்டிகனுக்குப் போனேன். அக்கா இறால் குழம்பு வைத்திருந்தார். என்னோடு பழையபடி கதைத்தார். மருமகன் இருந்தார், பேரப்பிள்ளை இருந்தது, இன்னும் யாரோ வந்து போனார்கள். அண்ணையும் நானும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவர் வேலை எப்படி என்று கேட்டேன், நல்லம் என்றார். வண்டி எப்படி என்று கேட்டார், நல்லம் என்றேன். அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. கையில் ஒரு வேலை இல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நாங்கள் கதைத்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பிள்ளை இழுத்துப் போட்ட விளையாட்டுச் சாமான்களை அண்ணை காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷன் வரை கூட வந்தார். மெதுவாகத்தான் நடந்தார். பிளாட்பாரத்தில் ஆளில்லை.

“வாற கிழமை உங்கை ஸ்னோ எண்டு சொல்லுறாங்கள்” என்றார்.

“மார்ச்சிலையோ?”

“ஓம். போனிலை போட்டிருக்கிறான். ஊஸ்டருக்குப் பாத்தனான்.”

ரயில் வந்தது. ஏறி, யன்னல் பக்கம் இருந்தேன். ரயில் புறப்படும்வரை அவர் அங்கேயே நின்றார், கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு.

அந்தக் கிழமை முழுக்க ஊஸ்டரில் மழைதான் பெய்தது.