வலிக்கலைங்க மிஸ்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனில் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது இது.

நான் பிலாட்டிஸ் சொல்லிக்கொடுப்பவள். பாயில் படுத்து, மூச்சோடு சேர்த்து மெதுவாகச் செய்யும் உடற்பயிற்சி. நுவரெலியா ஹோட்டல்களுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு வந்திருந்தது. அந்த நினைப்போடுதான் நான்கு பெண்களைப் பயிற்சியாளர்களாகத் தயார் செய்துகொண்டிருந்தேன். கடைசிப் பாடம், உடம்பில் வலி உள்ளவர்களோடு வேலை செய்வது. அதற்காக அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நான்கு பேரை வரச் சொல்லியிருந்தேன்.

ஆளுக்கு ஒருவராகப் பிரித்துவிட்டேன். மூன்று மாணவிகள் உடனே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நான்காமவள், அவளும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைதான், இடுப்பு வலியோடு வந்த ஓர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் தண்ணீர் யார் தூக்குவது, மலை ஏறும்போது எங்கே நின்று இளைப்பாறுவது என்று ஒரே ஊர்க்கதை. இருபது நிமிடம் போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கதை கேக்கவா வந்த? எந்திரி, நான் பாத்துக்கிறேன்" என்று எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டேன்.

"மிஸ், அவங்களுக்கு..." என்று ஏதோ சொல்ல வந்தாள். நான் காதில் வாங்கவில்லை.

அந்த அக்காவைப் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவரச் சொன்னேன். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்கலைங்க மிஸ்" என்றார். உட்கார்ந்து, கால் விரலைத் தொடும்படி குனியச் சொன்னேன். அதற்கும் சிரித்துக்கொண்டே, "இல்லைங்க மிஸ்." பார்த்தீர்களா என்பதுபோல் நான் மற்றவர்கள் பக்கம் திரும்பினேன். பின்னால் ஒரு முனகல் கேட்டது. குனிந்தவரால் நிமிர முடியவில்லை. கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்தப் பிள்ளைதான் ஓடி வந்து அவரை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்து, தன் ஸ்வெட்டரைச் சுருட்டி முழங்கால்களுக்கு நடுவே வைத்தாள். "ரெண்டு மாசமா தண்ணிக் கொடத்தையே தூக்கலையாம் மிஸ். வலது காலு மரத்துப் போகுதாம். குனிய வைக்கக் கூடாதுன்னுதான் சொல்ல வந்தேன்" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஏங்க்கா வலிக்கலைன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் வாசிக்கிறப்ப வலிக்குதுன்னு சொன்னா, அன்னைக்கு வேல இல்லைங்க மிஸ். யாரு கேட்டாலும் இல்லைன்னுதான் வாயில வருது" என்றவர், படுத்தபடியே என் கையைப் பிடித்தார். "மன்னிச்சுக்கங்க. ஒங்க வகுப்ப கெடுத்துப்புட்டேன்."



வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதுகெலும்பில் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். அவர் கேட்டபோது அந்த அக்கா வலது கால் விரல்களை அசைத்துக் காட்டும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

ஓய்வும் மருந்துமாகச் சில மாதங்களில் தேறி, டாக்டர் சரி என்ற பிறகு வகுப்புக்கு நடந்தே வந்தார். பயிற்சி கொடுத்தது அந்தப் பிள்ளைதான். நான் ஓரமாக உட்கார்ந்து, அவள் என்னென்ன கேட்கிறாள் என்று எழுதிக்கொண்டேன். எல்லோர் முன்னாலும் நான் திட்டிய அவளிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்பும் கேட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது முதலில் சொல்வது, வலிக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாயை விரிக்காதீர்கள், எந்த வேலையைச் செய்ய முடியாமல் விட்டுவிட்டார்கள் என்று கேளுங்கள் என்பதுதான்.

என்ன சொல்லிக்கொடுத்தாலும், நான் நோகடித்த ஒருவர் என் கையைப் பிடித்து என்னிடமே மன்னிப்புக் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் நான் குன்றித்தான் போகிறேன்.