நகலில்தான் கை வைப்பாள்

போன் அடித்ததும் ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைப்பாள். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கீபோர்டு எதிரிலேயே இருக்கும், தொடமாட்டாள். அந்தப் பக்கம் யார் எவ்வளவு பதறினாலும், "சொல்லுங்க சார், கேட்டுட்டுதான் இருக்கேன்" என்பதோடு சரி. முழுக்கக் கேட்டு முடிக்கும்வரை கை வெளியே வராது. "வெளிய இருந்தா எதையாவது தட்டிடும்மா, கைக்கு அவசரம் ஜாஸ்தி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

நான் நர்ஸ். அவளுடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்குப் பகலில் போகிறேன். வாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்ட மனிதர். அவர் கட்டில் கூடத்தில் கிடக்கிறது. அவள் மேசை அதே கூடத்தின் ஜன்னலோரம். அதனால் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதும், துடைத்துவிடும்போதும், ஊட்டும்போதும் அவள் தொழில் என் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும்.

தொழில் இதுதான். பெரிய நிறுவனங்களில் ஒரே சர்வருக்குள் பல கணினிகள் ஓடும். தனித்தனிப் பெட்டி கிடையாது, எல்லாம் மென்பொருளால் ஆனவை. விர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். அத்தனைக்கும் பொதுவான கிடங்கு ஒன்று உண்டு, அதற்கு வால்யூம் என்று பெயர். ஒருநாள் காலையில் அந்தக் கிடங்கே சர்வர் கண்ணுக்குத் தெரியாமல் போகும். உள்ளே சரக்கு அப்படியே இருக்கும், வாசல் எங்கே என்ற குறிப்பு மட்டும் கெட்டிருக்கும். தேடிக் கண்டுபிடித்துத் திறந்துவிடுவது அவள் வேலை.

"போயிடுச்சுன்னு சொல்லாதீங்க சார். காணோம்னு சொல்லுங்க" என்று எல்லோரையும் திருத்துவாள். தன் மூக்குக் கண்ணாடியை மட்டும் தினமும் என்னைத் தேடச் சொல்வாள். பாதி கடித்த பிஸ்கட்டுகளை நான் ஜன்னல் விளிம்பிலிருந்தும் அப்பாவின் மருந்துத் தட்டிலிருந்தும் எடுத்து எறிந்திருக்கிறேன். நாற்பது தாண்டிய பெண்ணுக்கு இது அழகா என்று கேட்டால், "கண்ணாடி காணாமப் போகலைம்மா, நீங்க எடுத்து வெச்சிருக்கீங்க" என்பாள்.

அவள் நிதானம் எனக்குப் பிடிக்கும். திட்டத் தெரியாத குணம்தான் எரிச்சலாக இருக்கும். யார் அழைத்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "காணோம்னு தெரிஞ்சதும் என்ன பண்ணீங்க?" வரும் பதிலும் மாறாது. "ஒண்ணும் பண்ணலை மேடம்." நான் பார்க்காத ஒண்ணும் பண்ணலையா? நோயாளி வாயில் நுரை தள்ளும். வீட்டார் வரிசையாக நின்று ஒன்றும் கொடுக்கவில்லை என்பார்கள். தலையணைக்கு அடியில் பாதி காலியான புட்டி கிடக்கும். என்ன கொடுத்தோம் என்று சொல்லாதவனை விட்டுப் பிடித்துக் கொஞ்சுவதற்கு எனக்குப் பொறுமை இருந்ததில்லை. அவளுக்கு இருக்கிறது.

போன மாதம் ஒரு புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். ரேடியேஷன் கொடுக்கிற இயந்திரத்துக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் நிற்கிறது. ஆனால் எந்த நோயாளிக்கு, எந்தக் கோணத்தில், எவ்வளவு, பக்கத்தில் எதன்மேல் படாமல் என்ற திட்டம் முழுவதும் காணாமல்போன வால்யூமுக்குள். திட்டம் இல்லாமல் யாரையும் அந்த மேசையில் படுக்கவைக்க முடியாது.

"என்ன பண்ணீங்க சார்?"

"ஒண்ணும் பண்ணலை மேடம். காலையில வந்து பாத்தோம், இல்லை."

"பேக்கப்?"

"இருக்கு மேடம். தினமும் எடுக்குறோம்."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"அதே வால்யூம்லதான்."

வீட்டுச் சாவி தொலைந்தால் வேண்டுமே என்று மாற்றுச் சாவி செய்து, அதையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. இந்த முன்யோசனைக்கு ஒரு பிரிவு, அதற்கொரு தலைவர். துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்த எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அவள், "சரி சார், யாரும் எதையும் தொடாதீங்க" என்றாள்.

கட்டிலிலிருந்து அப்பா குழறினார். "உக்காந்துட்டா. பொணத்துக்கு ஊசி போட."

"பொணம் இல்லப்பா. மயக்கம்."

"எல்லா டாக்டரும் முதல்ல அதத்தான் சொல்றான்."

ரேடியேஷன் அறையில் இயந்திரத்தை இயக்கும் பெண்ணின் எண்ணை வாங்கி அவளே பேசினாள். எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியவேண்டும் அவளுக்கு. அந்தப் பெண் சுற்றிவளைக்கவில்லை. "நாளைக்குள்ள வந்துட்டா சமாளிச்சுடுவோம் மேடம். இல்லைன்னா எல்லாரையும் திரும்ப ஸ்கேன் எடுத்து முதல்லேர்ந்து போடணும். ஒரு அம்மாவுக்குத் தொண்டையில. அவங்களுக்கு இடைவெளியே விடக் கூடாது. எப்ப கூப்பிடுவீங்கன்னு வெளிய உக்காந்திருக்காங்க."

சிகிச்சையை நடுவில் நிறுத்தினால் கட்டி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். துணியை அப்படியே போட்டுவிட்டேன்.

அவள் வீட்டிலிருந்தபடியே அவர்கள் சர்வருக்குள் நுழைந்து, வால்யூம் இருக்கிற டிஸ்க்கைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி கட்டிப்போட்டாள். அதில் இனி ஒரு எழுத்தும் எழுத முடியாது. பிறகு வாசலைத் தேட ஆரம்பித்தாள். இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. மறுபடி தேடினாள். மதியச் சாப்பாடு மேசையிலேயே ஆறியது. மாலை வெயில் திரையில் விழ ஆரம்பித்தபோது சட்டென்று நிமிர்ந்து போனைப் போட்டாள்.

"சார், இங்க ஒரு வால்யூம் இருக்கு. ஆனா அது இன்னிக்குக் காலையில பொறந்திருக்கு."

எதிர்ப்பக்கம் தொண்டையைச் செருமியது. "அது வந்து, டிஸ்க் காலியா இருக்கு, புதுசா அமைக்கட்டுமான்னு கேட்டுச்சு. தெரியாம கை பட்டுடுச்சு."

கை பட்டதாம். அந்தத் திரை ஒருமுறை கேட்காது, 'உறுதியாகவா, உள்ளே இருப்பது அழியும்' என்று மறுபடியும் கேட்கும். அவளே எனக்குக் காட்டியிருக்கிறாள். இரண்டாவது முறையும் பட்டது எந்தக் கையோ. புதிய வால்யூம் பழையதன் தலைமேல், வாசல் குறிப்பு இருந்த இடத்தில், போய் உட்கார்ந்துவிட்டது. காலையிலேயே இதைச் சொல்லியிருந்தால் நேரே அங்கிருந்து தொடங்கியிருப்பாள். தொண்டையில் கட்டியோடு ஒருத்தி நாற்காலியில் காத்திருக்க, இந்த மனிதர் தன் பெயரைக் காப்பாற்ற ஒரு பகலைத் தின்றுவிட்டார்.

"சொன்னதுக்கு நன்றி சார்" என்றாள். நன்றியாம்.

அத்தோடு முடியவில்லை. டிஸ்க் முழுவதையும் வேறொரு சேமிப்புப் பெட்டிக்கு அப்படியே நகல் எடுத்து, நகலில்தான் கை வைப்பேன் என்றாள். தலைவருக்கு இப்போது திடீரென்று நோயாளிகள்மேல் பாசம் பொங்கியது.

"நகல் எடுக்க விடிஞ்சுடும் மேடம். நோயாளிங்க உயிரு சம்பந்தப்பட்டது. நேரா அதுலயே சரி பண்ணுங்க. நான் பொறுப்பு எடுத்துக்கறேன்."

"அதுல ஒரு தடவை தப்பாப் போனா அப்புறம் 'காணோம்' இல்லை சார். 'போயிடுச்சு'தான்."

"அப்ப வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்."

"கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் நகல் ஓடட்டும்."

குரல் உயரவே இல்லை. வேறு ஆள் யாரும் வரவில்லை.

மறுநாள் நான் போனபோது அதே சட்டை, அதே நாற்காலி. நகலில் பழைய வால்யூமின் உடைந்த தலையை, உள்ளே எஞ்சியிருந்த குறிப்புகளை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு நான் திரும்பும்போது திரையில் நோயாளிகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தன. அவள் சிரிக்கவில்லை. நகலை மருத்துவமனை சர்வரோடு இணைத்துவிட்டு ரேடியேஷன் பெண்ணை அழைத்தாள்.

"அந்தத் தொண்டை அம்மாவோட திட்டத்தைத் திறங்க. பேரு இருந்தா போதாது. ஸ்கேனோட ஒவ்வொரு அளவும் ஒத்துப்போகுதா, உங்க டாக்டரை வெச்சே பாத்துச் சொல்லுங்க. நான் லைன்ல இருக்கேன்."

கைகளை மறுபடி தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "எல்லாம் ஒத்துப்போகுது மேடம். டாக்டர் சரின்னுட்டாரு. அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போறேன்." போனில் ஒரு கனத்த கதவு நகரும் ஓசை கேட்டது. அது மூடும்வரை அவள் துண்டிக்கவில்லை.

உடனே தலைவரின் அழைப்பு. மேலிடத்தில் எல்லோருக்கும் சந்தோஷமாம். தன் குழு துரிதமாகச் செயல்பட்டதைப் பாராட்டினார்களாம். பிறகு, "ஒரு விஷயம் மேடம். இப்பதான் எல்லாம் சரியாயிடுச்சே. பேக்கப்பை அங்கயே விட்டுடலாம்ல? மாத்தறதுன்னா அனுமதி, அது இதுன்னு இழுக்கும். அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போனை அப்பாவின் போர்வைமேல் வைத்தாள். "மேடம்? லைன்ல இருக்கீங்களா மேடம்?" என்று அது அப்பாவின் வயிற்றின்மேல் கேட்டுக்கொண்டே இருக்க, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேக்கப்பை வேறு பெட்டிக்கு மாற்ற ஆரம்பித்தாள்.