ஆள் வந்தால் ஸ்டார்ட் ஆகாத கார்

எங்கள் ஒர்க்‌ஷாப்காரர்கள் சங்கம் மலர் போடுகிறதாம். புதிதாக ஸ்பேனர் பிடிக்கிற பிள்ளைகளுக்குப் பயன்படும்படி அனுபவம் எழுதித் தாருங்கள் என்றார்கள். நல்லபடியாக முடிந்த வேலைகளை எழுதினால் பீற்றிக்கொள்வதாகச் சொல்வீர்கள். அதனால் என் மானத்தை வாங்கிய வேலையை எழுதுகிறேன்.

1. சின்ன வேலைதான்

நெய்வேலி மைன்ஸ் ஆட்டோ யார்டில் டம்பர், ஜீப், தண்ணி லாரி என்று சர்வீஸ் முழுக்க ரிப்பேர் பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். வீட்டில் உட்கார்ந்தால் சண்டை வருகிறது என்று மந்தாரக்குப்பத்தில் ஒரு ஷெட் போட்டேன். அங்கேதான் சபாபதி சார் வந்தார். கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸை இன்னும் காலி செய்யவில்லை.

“வேலாயுதம், ஒரு கார் இருக்கு. முக்கால்வாசி நானே முடிச்சிட்டேன். ஃபைனல் டச்சிங் மட்டும்தான். முடிச்சா வித்துடலாம்.”

கராஜில் தார்ப்பாயைத் தூக்கினார். இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், கூரை கிடையாது, நீளமான மூக்கு. பெயர் எழுத மாட்டேன். டவுன்ஷிப்பில் அப்படி ஒன்றுதான் உண்டு, ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் நீலகிரியில் ஒரு எஸ்டேட் ஏலத்தில் எடுத்ததாம்.

சார் முடித்திருந்த முக்கால்வாசி எது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்கு ஒரு கவர் போட்டிருந்தார். மற்றபடி ஃப்ளோர் துருப்பிடித்துக் கராஜ் தரை தெரிந்தது. டிரைவர் சீட்டுக்குள் எலி பிள்ளை பெற்றிருந்தது. ஒயரிங்கை அதே எலி கடித்து முடித்திருந்தது. இன்ஜின் மட்டும் கெட்டி. ஆனால் உள்ளே இறுகிப்போய்க் கிராங்க் திரும்பவில்லை.

அவர் மனைவி கோமதி அம்மா காபி கொண்டுவந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இத்தனை வருஷம் நெய்வேலியில் இருந்தும் என்னை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார்.

“பெரியவன் பொறந்தப்ப நின்ன வண்டி அண்ணாச்சி. அவனுக்கே இப்போ தலையில பாதி முடியக் காணோம். ஞாயித்துக்கிழமை ஆனா இவுக இதுக்கு அடியில போயிப் படுத்துக்கிடுவாக. தூங்கத்தான் போறாகன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.”

குவார்ட்டர்ஸ் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. விழுப்புரத்தில் மூன்றாவது மாடியில் ஃபிளாட் வாங்கியிருந்தார்கள். அங்கே நிறுத்த இடம் ஒரு காருக்குத்தான். அந்த இடம் கோமதி அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற காருக்கு. அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆகவே இந்தக் கார் போயாக வேண்டும். சாரே அதைத் தெளிவாகச் சொன்னார். சொல்வதில் அவர் எப்போதுமே தெளிவு.

2. ரிவ்யூ மீட்டிங்

மைன்ஸில் எல்லா நட்டும் மில்லிமீட்டர் கணக்கு. இந்த வண்டியில் எல்லாமே இஞ்ச் கணக்கு. என் ஸ்பேனர் செட்டில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பழைய இரும்புக்கடைகளில் ஏறி இறங்கி ஒரு செட் சேர்த்தேன். ஃப்ளோரை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்தேன். இன்ஜினை இறக்கி, பிஸ்டனைத் தட்டி எடுத்து, சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்யக் கடலூருக்கு அனுப்பினேன்.

இதற்கிடையே திங்கட்கிழமை தோறும் கராஜில் ரிவ்யூ மீட்டிங். சாருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எனக்கு ஒன்று. தலைமை அவர். பங்கேற்பாளர் நான்.

“பிராக்ரஸ் என்ன வேலாயுதம்?”

“பாத்துகினுதாங்க இருக்கேன் சார்.”

“அது பதில் இல்ல. டார்கெட் டேட் சொல்லுங்க.”

“பிஸ்டன் ரிங் வந்தா சொல்றங்க.”

“ரிங் ஏன் வரல? யாரு ஃபாலோ பண்றது?”

“நீங்கதாங்க பண்றேன்னு போன மீட்டிங்ல சொன்னீங்க.”

மீட்டிங் அத்தோடு முடிந்துவிடும்.

பெயிண்ட் அதைவிட வேடிக்கை. செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, கறுப்புக்கு ஒரு படி முன்னால் நிற்கிற பச்சை வேண்டும் என்றார். கலர் கலக்கி, கராஜுக்குத் திரை கட்டி அடித்தேன். நம் ஊர்க் காற்று தெரியுமே! திரைக்குள் புகுந்த நிலக்கரித் தூசி ஈரப் பெயிண்ட்டில் உட்கார்ந்து, பானெட் முழுக்க மெதுவடையில் மிளகு தூவிய மாதிரி ஆகிவிட்டது. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் மிளகு. கடைசியில் ஒரு மழை விட்ட மத்தியானம், தூசி அடங்கியிருந்த நேரம் பார்த்து அடித்ததில்தான் பச்சை பச்சையாக நின்றது.

அன்றைக்கு இன்ஜினும் ஓடியது. சாவியைத் திருப்பினேன், ஒரே கிராங்க்கில் பிடித்துக்கொண்டது. புலி உறுமுகிற சத்தம் என்று எழுத ஆசைதான், நிஜத்தில் தையல் மிஷின் சத்தம். அவ்வளவு சுத்தம். சபாபதி சார் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். ரிவ்யூ மீட்டிங் நடக்காத ஒரே திங்கட்கிழமை அதுதான்.

3. பார்க்க வந்தவர்கள்

இன்டர்நெட்டில் விளம்பரம் போட்டார் சார். முதலில் வந்தவர் குள்ளஞ்சாவடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி. கல்யாண ஜோடிகளை நிற்க வைத்துப் படம் எடுப்பதற்குக் கார் தேடினார். நான் சாவியைத் திருப்பினேன். கிராங்க் ஆகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. முந்தின நாள் அதே வண்டி ஒரே கிராங்க்கில் ஓடியிருக்கிறது! பானெட்டைத் திறக்கப் போனேன்.

“வேண்டாம் வேலாயுதம், வந்தவங்க முன்னாடி ஆபரேஷன் பண்ற மாதிரி இருக்கும். நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார் சார்.

ஸ்டூடியோ தம்பி சிரித்தார். “ஓடணும்னு இல்லைங்க சார். நின்னாலே போதும். பொண்ணு மாப்ளயும் அதுல சாஞ்சிகினு நிக்கத்தான் போறாங்க. வேன்ல ஏத்திகினு போயிடறேன்.”

சாரின் முகம் மாறியது. “ஓடாத வண்டிய ஒருத்தர் தலையில கட்ட என் மனசாட்சி இடம் கொடுக்காது” என்று அவரை அனுப்பிவிட்டார். எனக்குப் புல்லரித்தது. இப்படி ஒரு நேர்மையா என்று வீட்டில்கூடச் சொன்னேன்.

மறுநாள் காலை போய்ச் சாவியைத் திருப்பினால், ஒரே கிராங்க்.

அடுத்தவர் சென்னைக்காரர். பழைய கார்கள் சேர்ப்பவர். தரையில் படுத்து டார்ச் அடித்தார், ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இது ஒரிஜினலா என்று கேட்டார். கடைசியில், “ஸ்டார்ட் பண்ணுங்க” என்றார். பண்ணினேன். கிராங்க் ஆனது, பிடிக்கவில்லை. பானெட்டில் கை வைத்தேன். சார் என் தோளில் கை வைத்தார். “பழைய வண்டிக்குன்னு ஒரு மூட் இருக்கு சார்” என்று சென்னைக்காரரிடம் விளக்கினார். மூடு இல்லாத வண்டிகளைத் தேடி அவர் போய்விட்டார்.

மறுநாள் ஒரே கிராங்க்.

விட்டு விட்டு வருகிற ஃபால்ட் மாதிரி மெக்கானிக்கைக் கொல்கிற ஃபால்ட் வேறு கிடையாது. கரண்ட் பக்கம்தான் கோளாறு என்று காயிலை மாற்றினேன், கண்டென்சரை மாற்றினேன், பாயிண்ட்டை மாற்றினேன், பிளக் ஒயர் முழுவதும் புதிதாகப் போட்டேன். மந்தாரக்குப்பம் டீக்கடையில் விஷயம் பரவிவிட்டது. “என்னாண்ணே, ஆளு வந்தா மட்டும் வெக்கப்படுதாமே ஒன் வண்டி” என்று கேட்டார்கள். யார்டில் என்னிடம் வேலை கற்றுக்கொண்டவன்கூட சர்வீஸுக்குத் தன் பைக்கை வேறு ஷெட்டில் விட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும் குனிந்து செருப்பைச் சரி செய்துகொண்டான்.

4. பல் டாக்டர்

மூன்றாவதாக வந்தவர் புதுச்சேரியில் பல் டாக்டர். ஜெனிபர் என்று பெயர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவரே ஒரு பழைய இங்கிலாந்துக் கார் வைத்திருக்கிறாராம். அன்று காலை ஏழு மணிக்கே போய் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஓடியது. ஆண்டவன் புண்ணியம் என்று டிபன் சாப்பிடப் போய்விட்டு வந்தேன்.

டாக்டர் வந்தார். சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை.

“நாளைக்கு...” என்று சார் ஆரம்பித்தார்.

“அதனால என்ன சார், பானெட்ட திறங்க, பாக்கலாம்” என்றார் டாக்டர். வாயைத் திற என்று சொல்லிப் பழகிய குரல். சார் ஏதோ முணுமுணுப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். டாக்டர் நேராக டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். “ரோட்டர் எங்க?”

ரோட்டர் என்பது கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புத் துண்டு. அது சுற்றினால்தான் பிளக்குக்குக் கரண்ட் போகும். அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பிதான் நின்றது.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். சார் எங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

“காலைல வேலாயுதம்தான் கை வச்சாரு” என்றார்.

இத்தனை நேரம் கிண்டலாக எழுதிக்கொண்டு வருகிறேன். இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை. யார்டில் என்னைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறார்கள், வாயாடி என்று திட்டியிருக்கிறார்கள். ஒரு போல்ட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதாகச் சொன்னதில்லை. “சார், நான் எடுத்தேன்னா சொல்றீங்க?” என்றேன். அவர் குனிந்து ஸ்டியரிங் கவரை இழுத்துச் சரி செய்தார்.

அப்போது கோமதி அம்மா காலை இழுத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். கையிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டியது.

“என்னங்க, வாஷிங் மெஷினு லொடலொடன்னு சத்தம் போடுதேன்னு நிறுத்திப் பாத்தேன். காலையில கழட்டிப் போட்டீகளே, அந்த பேண்ட் பையில இது கெடந்துச்சு. என்னது இது?”

நன்றாகத் துவைக்கப்பட்ட ரோட்டர்.

முதலில் சிரித்தது டாக்டர்தான். அம்மா சிரிக்கவில்லை. எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். படியிறங்கும்போது காதில் விழுந்ததை வைத்து, யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார்.

“போன தடவையும் நீங்கதானா?”

சார் தலையாட்டினார்.

“விக்கப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்களேன். அண்ணாச்சிய எதுக்குத் திருடனாக்குதீக?”

“விக்கணும்னுதான் கோமதி நெனைக்கிறேன். ராத்திரி படுக்கறப்ப அப்படித்தான் நெனைக்கிறேன். காலைல ஆள் வர்றாங்கன்னா கை தானா அங்க போயிடுது.” என்னிடம் திரும்பினார். “மன்னிச்சிடுங்க வேலாயுதம். சொன்னது தப்பு.”

ரிவ்யூ மீட்டிங்கில் ஒரு தடவைகூட வராத வாக்கியம். நான் ரோட்டரைத் துடைத்து மாட்டினேன். ஒரே கிராங்க்.

5. டெலிவரி

டாக்டர் பேரம் பேசவே இல்லை. “எனக்கு அவசரம் இல்ல சார். இன்னும் ஒரு மாசம் வச்சிருந்துட்டுக் குடுங்க” என்றார்.

“வேண்டாம்மா, இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடுங்க. நாளைக்கு நான் எதைக் கழட்டுவேன்னு எனக்கே தெரியாது” என்றார் சார்.

“அப்போ டவுன்ஷிப் ஆர்ச் கேட் வரைக்கும் நீங்களே ஓட்டிட்டு வாங்க. நாங்க பின்னாடி வர்றோம்.”

சார் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கோமதி அம்மா மெல்லக் காலைத் தூக்கி வைத்துப் பக்கத்து சீட்டில் ஏறினார். அந்த சீட்டில் அவர் உட்கார்ந்து, பெரிய மகனுக்கு எத்தனை வயதோ அத்தனை வருஷம் ஆகிறது. டாக்டரும் நானும், டாக்டரின் டிரைவர் ஓட்ட, அவருடைய வழக்கமான காரில் பின்தொடர்ந்தோம். சார் ஓட்டிய வேகத்துக்குக் கம்பெனி பஸ்காரர் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார். ஆர்ச் கேட் வந்தது. பச்சைக் கார் நிற்கவில்லை. மெயின் ரோட்டில் திரும்பியது, கொஞ்சம் வேகமெடுத்தது, அம்மாவின் முந்தானை பறந்தது. அப்புறம் காரைக் காணோம்.

“வந்துடுவாங்கல்ல?” என்றார் டாக்டர்.

“அவ்ளோ பெட்ரோல் நான் ஊத்தலைங்கம்மா” என்றேன்.

வடலூர் தாண்டி, குள்ளஞ்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் பிடித்தோம். வண்டி ஓரமாக நின்றது. இரண்டு பேரும் பானெட்டில் சாய்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சார் என்னைப் பார்த்ததும், “என்ன ஃபால்ட்டுன்னு தெரியல வேலாயுதம், தானா நின்னுடுச்சு” என்றார். இந்தத் தடவை அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. வழியில் கேனில் வாங்கி வந்த பெட்ரோலை ஊற்றினேன். சார் சாவியை டாக்டர் கையில் வைத்தார். “சோக்கை முழுசா இழுக்காதீங்கம்மா, அதுக்குப் பிடிக்காது.” திரும்பிப் பார்க்காமல், எங்களை வீட்டில் விட டிரைவரோடு நின்ற டாக்டரின் இன்னொரு காருக்கு நடந்து வந்தார். கோமதி அம்மாதான் கார் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பிகளா, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பெட்ரோல் வருகிறதா பாருங்கள். வந்தால் கரண்ட் வருகிறதா பாருங்கள். ரெண்டும் சரியாக இருந்தால், கழற்றியதையே மறுபடி மறுபடி கழற்றிக்கொண்டு நிற்காமல், நிமிர்ந்து ஓனர் முகத்தைப் பாருங்கள்.