அக்கா பெயர்க்கச் சொன்ன சாலை

அக்காவைப் பற்றி எழுத உட்கார்கிறேன், எழுந்துவிடுகிறேன். வாசல்வரை போய்த் திரும்புகிறேன். இந்தக் கட்டுரை இப்படி நடந்து நடந்தே எழுதியது.

தென்னேரியில், எங்கள் அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தவர் அக்கா. வளர்ந்ததும் வாழ்க்கைப்பட்டதும் சின்ன காஞ்சிபுரத்தில். மாமா சீக்கிரமே போய்விட்டார். அக்கா தறியில் உட்கார்ந்து தம்பி என்னைப் படிக்க வைத்தார். தெருவில் யாருக்கு முதியோர் பென்ஷன் நின்றாலும் மனு எழுதிக் கொடுப்பார். அந்த மனுக்கள்தான் அவரை வார்டு கவுன்சிலராக்கின.

முதல் வருடமே எங்கள் தெருவுக்குச் சாலை வாங்கி வந்தார். பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிது போட வேண்டும். "சுரண்டினா கருட சேவைக்குள்ள முடியாதும்மா" என்றார் ஒப்பந்ததாரர். "அப்போ மேலயே போட்டுடுங்க" என்றார் அக்கா. திருவிழா நன்றாக நடந்தது. ஐப்பசி மழையில், உயர்ந்த சாலையின் தண்ணீரெல்லாம் தாழ்ந்த வீடுகளுக்குள் இறங்கியது.

எதிர்வீட்டு ஏகாம்பரம் அண்ணன் காலை விட்டு நெய்யும் தறிக்குழி நிரம்பி, முகூர்த்தப் புடவைக்கான பாவு நூல் நனைந்தது. "ரோடு ஜோரா இருக்குதும்மா. குழியில மீன் வளக்கலாம்னு பாக்குறேன்" என்றார் அவர். அக்கா புடவையைச் செருகிக்கொண்டு குழியில் இறங்கிச் சொம்பால் இறைத்தார்.

அன்றிலிருந்து, தான் போட்ட சாலையைப் பெயர்க்கச் சொல்லித் தானே அலைந்தார். கொத்தனாரிடம் மட்டக்குழாய் வாங்கி, வாசல் வாசலாகச் சாலையின் உயரத்தை அளந்து, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். மன்றக் கூட்டத்தில் ஒரே சிரிப்பு.

"போன வருஷம் நீங்கதானேம்மா கேட்டு வாங்கினு போனீங்க?"

"ஆமா. தப்பு பண்ணவ நான்தான். அதான் நானே கேக்குறேன்."

"இப்படி ஒத்துக்கினா அடுத்த வாட்டி யாருக்கா ஓட்டு போடுவாங்க?" என்று வீட்டில் கேட்டவன் நான். "நீ போய் அந்தக் குழியில ஒரு நாள் காலை வெச்சுக்கினு இருடா" என்றார். நான் போகவில்லை. அது இன்னும் என்னை அரிக்கிறது.

அனுமதி வந்தபோது அக்கா மருத்துவமனையில். போனில் கேட்டார்: "ஆரம்பிச்சுட்டாங்களா?"

"நடந்துக்கினு இருக்குதுக்கா."

"பொய் சொல்லாதடா. மெஷின் சத்தமே காணோம்."

புரட்டாசியில் அக்கா காலமானார். அடக்கம் முடிந்த மறுநாள் காலை, சுரண்டும் இயந்திரம் தெருமுனையில் வந்து நின்றது. நடுத்தெருவில் எங்கள் துக்கப் பந்தல். "காரியம் முடியட்டும்பா, அடுத்த மாசம் வரோம்" என்றார்கள். அடுத்த மாதம் ஐப்பசி.

"பதினாறு நாள் ஆவுறதுக்குள்ள பந்தலைப் பிரிப்பானா எவனாச்சும்?" என்று பெரியப்பா அதட்டினார். ஏகாம்பரம் அண்ணன் என்னையே பார்த்தார். நான் பந்தல் கயிற்றை அவிழ்த்தேன். "மெதுவா அவுருப்பா, கம்பை நான் புடிச்சுக்கிறேன்" என்று ஓடி வந்தார் அண்ணன்.

தெரு இப்போது வாசற்படிகளுக்குக் கீழே இருக்கிறது. மழை இன்னும் வரவில்லை.

மட்டக்குழாய் கொடுத்த கொத்தனாருக்கும், மருத்துவமனையில் அக்காவோடு தங்கிய ஏகாம்பரம் அண்ணன் மனைவிக்கும் நன்றி. துக்கம் கேட்க வந்து, வெயிலிலும் தார்ப் புழுதியிலும் நின்றபடியே திரும்பிய உங்களுக்கும் நன்றி. உட்கார ஒரு நிழல் தர எங்களால் முடியவில்லை. முதல் மழையன்று வாருங்கள். தறிக்குழி காய்ந்திருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.