படியில்லாத குளியலறை

செவ்வாய்க்கிழமை காலையில் பத்மா கூப்பிட்டார். எப்போதும் அவர் கணவன் பாலாதான் என்னைக் கூப்பிடுவான் என்பதால், முதல் மணியிலேயே போனை எடுத்தேன். “அண்ணே, அவர் எழுந்திருக்க மாட்டேங்கிறாரு” என்றார். பூச்சோங்கில் அவர்கள் வீடு எனக்கு அடுத்த தெரு. ஓடினேன். தூக்கத்திலேயே போயிருந்தான்.

கிள்ளான் அலுவலகத்தில் அவனோடு வேலை பார்த்த நமக்கெல்லாம் பாலா ஒரு வாயாடி, மதியச் சாப்பாட்டில் அடுத்தவர் தட்டில் கை வைப்பவன். அவன் குளியலறைத் தளம் போட்ட கதையில் நீங்கள் பாதிதான் கேட்டிருப்பீர்கள், அதுவும் கேலியாக. மீதியை நான் சொல்லிவிடுகிறேன்.

பக்கவாதம் வந்து பத்மாவுக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. தினமும் பாலாதான் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டுவான். “கதவைச் சாத்திட்டு ஒரு நாளாவது தனியா குளிக்கணும்” என்று பத்மா என் மனைவியிடம் அழுதது அவன் காதில் விழுந்துவிட்டது. குளியலறைப் படியை இடித்து, சக்கர நாற்காலி நேராக உள்ளே உருளும்படி தளம் போடக் கிளம்பினான்.

டைல் போடுபவர் ஒத்துக்கொள்ளவில்லை. “பாஸ், ஸ்டெப் இல்லேன்னா தண்ணி ஹாலுக்கு வந்துடும் லா.”

“போற வழிய காட்டிட்டா, அது ஏன் ஹாலுக்கு வருது?” என்றான் இவன்.

யூடியூப் பார்த்துத் தானே இறங்கினான். சிமெண்ட் குழைக்க நான். பெரிய பெரிய டைல்கள், தளம் பளபளவென்று வந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினோம். வடிகால் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் அது நேராக ஹாலுக்குப் போய் சோபாவுக்கு அடியில் தேங்கியது. நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்தது இதற்குத்தான். அத்தனையையும் அவனே உடைத்தான். எனக்கு மனம் கேட்கவில்லை. “அழகா இருந்து என்னடா செய்ய? அவ வழுக்கி விழுந்தா?” என்றான். தண்ணீர் கசியாத பூச்சு பூசி, வடிகாலை நோக்கிச் சரிவு கொடுத்து, சொரசொரப்பான சின்ன டைல்களாக மறுபடி பதித்தான்.

பிறகு செய்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தன் இடது கையைத் துண்டால் உடம்போடு கட்டிவிடும்படி என்னிடம் சொன்னான். நாற்காலியில் உட்கார்ந்து, சட்டை நனைய ஒற்றைக் கையால் குளித்துப் பார்த்தான். குழாய் எட்டவில்லை என்று அதையும் இறக்கி வைத்தான்.

உடலை எடுக்கும்வரை பத்மா அழவே இல்லை. “அழ வைங்க, உள்ளயே வச்சிருந்தா ஆகாது” என்று பெண்கள் அவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தார்கள். தகனம் முடிந்து நாங்கள் திரும்பியபோது அவர் குளியலறையில் இருந்தார். பாலாவின் தங்கை கதவைத் தட்டினாள்.

“அண்ணி, நான் வந்து தண்ணி ஊத்தட்டுமா?”

“வேணாம்மா. நானே குளிச்சுக்கிறேன்.”

ஷவர் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதையும் மீறி அவர் வாய்விட்டு அழும் சத்தம். மறுபடி யாரும் கதவைத் தட்டவில்லை.

பாலாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அழுகைதான். உயிராக இருந்தவளைச் சாத்திய கதவுக்குள் தனியாக விடவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. என்னால்தான் அவனை விட முடியவில்லை.