மகாராணி வந்த படம்

கண் மருத்துவமனையின் முன்கூடத்தில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவது அவள் வேலை. வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே கணவனுக்கு அவள் ‘மகாராணி’. அவன் நண்பர்களுக்கு ‘மகாராணி அண்ணி’. அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். பாசத்தில் சிரிக்கிறார்கள் என்று அவளும் சேர்ந்து சிரிப்பாள். தங்கையின் கணவன் தங்கையை ‘ஏய்’ என்று கூப்பிடுவதைக் கேட்கும்போது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நண்பர்கள் கூடினால் ஒரே படத்தைப் பற்றித்தான் பேச்சு. அரசியல்வாதிகளைக் கிழித்துத் தொங்கவிட்ட பழைய நகைச்சுவைப் படம். வந்தபோது ஓடவில்லை, பிறகு இவர்களைப் போன்றவர்கள் சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியது. அவள் பார்த்ததில்லை. கேட்டால், “அது ஆம்பளைங்க படம்” என்று கணவன் தட்டிக்கழிப்பான்.

படம் மறுபடி திரைக்கு வந்தபோது, அவன் பிறந்தநாளுக்கென்று எல்லாருக்கும் அவளே டிக்கெட் எடுத்துவிட்டாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

“வேணாமே. உனக்குப் பிடிக்காது.”

“நீங்க இத்தனை வருஷமாச் சிரிக்கிறீங்க. நானும் ஒரு நாள் சிரிச்சிட்டுப் போறேன்.”

முதல் அரைமணி நேரம் வயிறு வலிக்கச் சிரித்தாள். கட்டாத பாலத்தை மூன்று முறை திறந்துவைத்தார் மந்திரி. அப்புறம் மந்திரியின் மனைவி வந்தாள். உட்கார்ந்ததும் நாற்காலி நொறுங்கியது. அவள் விட்ட காற்றில் திரைச்சீலை பறந்தது, காவலர்கள் மயங்கி விழுந்தார்கள். மந்திரி கையெடுத்துக் கும்பிட்டார்.

“போதும் மகாராணி, நாடு தாங்காது!”

அரங்கமே அந்த வசனத்தைச் சேர்ந்து கத்தியது. பின்வரிசையில் நண்பர்களும் கத்த ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அவள் எழுந்து போகவில்லை. அதற்குப் பிறகு மந்திரியைப் பற்றி ஒரு கேலியும் இல்லை. அந்தப் பெண்ணின் ஏப்பம், குறட்டை, உடம்பு, இவ்வளவுதான் படம். கடைசிவரை பார்த்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“என்னைப் பாத்ததும் அவ ஞாபகம்தான் வந்துச்சா?”

“சேச்சே. கல்யாணமான புதுசுல பசங்க வச்ச விருந்துல நீ உக்காந்தப்ப நாற்காலி கிரீச்சுன்னுச்சு. அவனுங்க அப்படிச் சொன்னானுங்க, அப்படியே ஒட்டிக்கிச்சு. நான் ஆசையாத்தான்மா கூப்பிட்டேன்.”

“அவங்க எதுக்குச் சிரிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

அவன் நடையை எட்டிப் போட்டான்.

“கேலி பண்ணதுகூட ஆறிடும். ஒண்ணும் புரியாம நானும் கூடச் சிரிச்சேனே, ஒரு தடவையாவது உங்களுக்குச் சுருக்குன்னு இல்லையா?”

மறுநாள் குளியலறையிலிருந்து துண்டு கேட்கையில், “மகா” என்று தொடங்கி விழுங்கிக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கி அவள் பெயரைச் சொன்னான். துண்டைக் கொடுத்தாள். நண்பன் ஒருவன் மன்னிப்புக் கேட்க வந்தான். டீ போட்டு வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அதன் பிறகு நண்பர்கள் யாரும் வீட்டுக்கு வருவதில்லை.

கணவனோடு பேச்சுவார்த்தை பழையபடி ஆகிவிட்டது. ஆனால் போனில் அவன் யாரிடமாவது சிரித்தால், செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, “என்ன சொல்லிச் சிரிக்கிறீங்க?” என்று கேட்கிறாள். அவன் விளக்கிச் சொல்லி முடிக்கும்வரை நகர்வதில்லை.